பெருசாப் பாத்து எடு

ஹார்லன் ட்ரேவர்ஸைக் கேப்டன் ஆக்கியது யார் என்று கேட்டால் பீட்டர்ஸ் நெக் என்ற சதுப்போர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு தட்டைப் படகு. அவரும் அவர் நாயும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மூன்றாவதாக ஏறுகிறவனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் கேப்டன். கடையில் கேப்டன், தேவாலயத்தில் கேப்டன், வருஷா வருஷம் பிப்ரவரிக் கடைசியில் தீயணைப்புக் கூடத்தில் நடக்கும் எலித்தோல் உரிக்கும் போட்டியில் கட்டாயம் கேப்டன். நாலு வருஷமாகக் கோப்பை அவருக்குத்தான். நாலும் அவர் வீட்டு முன்ஜன்னலில் சாலையைப் பார்த்தபடி நிற்கும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அவற்றின் முதுகுதான் தெரியும்.

போட்டி நடக்கும் அந்த ஒரு சாயங்காலம் போக, மீதிக் குளிர்காலம் முழுவதும் கேப்டனின் எலிகளை உரித்தது ஐடெல்லா வீட்லி.

கேப்டன் சதுப்பில் விடியலுக்கு முன்னால் பொறிகளைச் சுற்றிவந்து, ரோமத் தோலுக்காகப் பிடிக்கும் முயலளவு கஸ்தூரி எலிகளைக் கோணியில் அள்ளிக்கொண்டு வந்து அவள் கொட்டகை வாசலில் கொட்டிவிட்டுப் போவார். அதோடு அவர் வேலை முடிந்தது. ஐடெல்லா ஒவ்வொன்றாய் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, பின்னங்கால் குதியிலிருந்து குதிக்கு ஒரு கீறல் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டுக் காலுறை கழற்றுகிற மாதிரி தோலை இழுப்பாள். காதடியில் ஒரு வெட்டு, கண்ணில் ஒரு வெட்டு, உதட்டில் ஒரு வெட்டு. தோல் தனியே வந்துவிடும். அதை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கம்பிச் சட்டத்தில் ஏற்றி, கொழுப்பை வழித்து, உத்திரத்தில் தொங்கவிடுவாள். ஜனவரி முடிவதற்குள் கொட்டகையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வாடைக்காற்று பலகை இடுக்கில் ஊதும்போது தோல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுக்கும். நகக்கண்ணில் ஏறிய கொழுப்பு ஈஸ்டர் வரைக்கும் போகாது.

இதற்குத் தோலுக்கு இத்தனை காசு என்று கூலி உண்டு. அது பெரிதில்லை. பெரிது சதை. தோல் பொறி வைத்தவனுக்கு, சதை கத்தி பிடித்தவளுக்கு: பீட்டர்ஸ் நெக்கில் பைபிளுக்கு அடுத்தபடி எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். உரித்த உடம்பில் வாடையடிக்கும் கஸ்தூரிப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெங்காயமும் மிளகாயும் சேஜ் இலையும் போட்டு வேகவைத்து, பன்றிக் கொழுப்பில் பொரித்தால், இன்னொரு தட்டு வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. தின்றதுபோக மீதியைச் சாலையோரம் விற்பாள். ஐஸ் தண்ணீரில் இருபது வருஷம் நின்று நெஞ்சு கெட்டுப்போய் அடுப்போரம் உட்கார்ந்திருக்கும் புருஷன் எல்வுட்டின் மருந்தும், வீட்டு விறகும், அவள் காலில் கிடக்கும் ரப்பர் பூட்ஸும் அந்தச் சதையில்தான் வந்தன.

அந்த ஜனவரியில் ஒருநாள் கேப்டன் கோணியைக் கொட்டினார். கொட்டியும் போகவில்லை. தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் பேசுவதற்கு முன் செருமுகிற செருமல்.

"ஐடெல்லா, இனிமே சதையெல்லாம் பீப்பாயில போட்டு வை. சாயங்காலம் நான் எடுத்துக்கிறேன்."

"எதுக்கு கேப்டன்? நாய்க்கா?"

"பட்டணத்துல ஒரு ஓட்டல்ல கேக்குறாங்க. 'சதுப்பு முயல்'னு பேர் போட்டு வெள்ளித் தட்டுல வைக்கிறாங்களாம்."

"வெள்ளித் தட்டுல வச்சாலும் எலி எலிதான். அது என் சதை."

"பொறி என்னுது. சதுப்புக் குத்தகை என்னுது. எலி மட்டும் எப்படி உன்னுதாகும்? நான்தான் கூலி தர்றேன்ல."

"உங்கப்பா காலத்துல இருந்து இருக்குற வழக்கம் கேப்டன்."

"எங்கப்பாவுக்கு வியாபாரம் தெரியாது" என்றார் கேப்டன், செத்துப்போன மனிதரை மன்னிக்கிற தோரணையில். "இஷ்டமில்லேன்னா சொல்லு. எல்வுட் எந்திரிச்சு வந்து பொறி வைக்கட்டும், நான் வேணாங்கல."

எல்வுட் எழுந்து கழிவறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது கேப்டனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். சொல்லிவிட்டு நாயைச் சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

ஐடெல்லா கையிலிருந்த எலியை உரித்து முடித்தாள். ஒரு கீறல் பிசகவில்லை. கோபம் வந்தால் அவள் கை இன்னும் சுத்தமாகும்.

சாயங்காலம் கடைக்கு மாவு வாங்கப் போனபோது அடுப்பைச் சுற்றி நின்றவர்களிடம் கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "வீட்லி குடும்பத்துக்கு இந்தக் குளிர்ல நான்தான்யா சோறு போடுறேன். என்ன செய்றது, மனசு கேக்கல." அவள் மாவை வாங்கிக்கொண்டு, "ஆமா, கேப்டனுக்கு மனசு ரொம்ப இளகினது. அதான் எல்லாம் வழிஞ்சு வெளிய போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது.

வீட்டில் அன்றைக்கு வெறும் டர்னிப் கிழங்கும் சோளரொட்டியும்.

"விட்டுரு ஐடெல்லா" என்றான் எல்வுட், இருமலுக்கு நடுவே. "பழி வாங்குறது கர்த்தரோட வேலைன்னு எழுதியிருக்கு."

"கர்த்தருக்கு ஆயிரம் வேலை. பீட்டர்ஸ் நெக் வரைக்கும் வந்து சேர வசந்தம் ஆயிரும்."

"என்ன பண்ணப்போற? தோலைக் கிழிச்சு விட்டுறாத."

அவள் அவனை முறைத்துப் பார்த்தாள். அந்த யோசனை அவளுக்கு வந்திருந்தது, அதனால்தான் கோபம். ஒரு ராத்திரி கத்தியை எடுத்து உத்திரத்துத் தோல்களுக்குக் கீழே நின்றும் பார்த்தாள். கை வரவில்லை. தோல் வியாபாரி வந்து ஊதிப் பார்த்து, ரோமத்துக்குள் விரலை விட்டு, "இது ஐடெல்லா கை" என்று சொல்லும் ஆள். கிழித்தால் கேப்டனுக்கு நஷ்டம் கொஞ்சம், அவள் பேருக்குத்தான் முழுசும். கேப்டன் முகத்தில் குத்த நினைத்துத் தன் மூக்கை அறுத்துக்கொள்வானேன்?

ஆகவே பொறுத்தாள். உரித்தாள். சதையைப் பீப்பாயில் போட்டாள். ஒவ்வொன்றைப் போடும்போதும் பீப்பாயைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வார்த்தைகள் தேவாலயத்தில் சொல்லக் கூடியவை அல்ல.

பிப்ரவரி நடுவில் கேப்டன் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தேவாலயத்துக் கீழறையில், காபியும் கேக்கும் உண்டு என்பதால் கூட்டம். ஆளுயரப் பலகை ஒன்றில் சிவப்புச் சாயத்தில் 'ட்ரேவர்ஸ் இழுப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே எலிப்படமும் அம்புக்குறியுமாக வரைந்து வைத்திருந்தார். படத்திலிருந்த எலி பன்றி மாதிரி இருந்தது. கட்டைவிரலை எப்படி உள்ளே விடுவது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று விளக்கினார். ஐடெல்லா கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் மணிக்கட்டு அந்த மேடையில் இன்னொருத்தர் பேரில் திரும்புவதைப் பார்த்தாள்.

பக்கத்தில் நெட்டி கார்னிஷ். அவளும் உரிக்கிறவள். புருஷன் க்ளீவுக்குச் சதுப்பின் வடக்குத் துண்டு குத்தகை.

"அடியே, அவன் சொல்றதெல்லாம் நீ செய்றதுல்ல?" என்றாள் நெட்டி, கேக்கை மென்றபடி.

"கேக்கத் தின்னு நெட்டி."

"தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். சேதி தெரியுமா? முன்வரிசையில வெள்ளைக் கையுறை போட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் சதுப்புக்குச் சொந்தக்காரரு. பால்டிமோர்ல இருந்து வந்திருக்காரு. துண்டு துண்டாக் குத்தகைக்கு விட்டா கணக்குப் பாக்க சிரமமாம். இந்த வருஷம் போட்டியில எவன் ஜெயிக்கிறானோ அவன் கையில முழுச் சதுப்பையும் குடுத்துறப் போறாராம்."

"ஹார்லன் கையிலயா?"

"வேற யாரு? க்ளீவ் கையிலயா? அது மேடை ஏறினா தொப்பியக் கழட்ட மறந்துரும். அப்புறம் பாத்துக்க, எங்க வீட்டுச் சதையும் பீப்பாய்க்குத்தான் போகும். இந்த ஊருல எவ வீட்டுலயும் வெங்காயம் வதங்கற வாசனை வராது."

ஐடெல்லா தன் கேக்கைத் தொடவில்லை. நெட்டி அதையும் சேர்த்துத் தின்றாள்.

போட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு கையாள். பொதுக் குவியலிலிருந்து எலிகளைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, மேடை மேசையில் வரிசையாக வைப்பது கையாளின் வேலை. அவ்வளவுதான் என்று விதி சொல்லும். விதி சொல்லாததையும் நல்ல கையாள் செய்வாள். நாலு வருஷமும் கேப்டனுக்குக் கையாள் ஐடெல்லாதான். குவியலில் இருந்து இளசாக, பெண்ணாகப் பொறுக்குவாள். துடைக்கிற சாக்கில் முழங்கையை வைத்து ஒவ்வொன்றையும் மேசையில் உருட்டி உருட்டி எடுப்பாள். தோலும் சதையும் உள்ளுக்குள்ளேயே விவாகரத்து வாங்கிவிடும். மேடையில் கேப்டன் இழுத்ததும் மேலங்கி மாதிரி கழன்று வரும். கூட்டம் கைதட்டும். கேப்டன் குனிந்து வணங்குவார். இது கேப்டனுக்குத் தெரியாதா என்றால், பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவர் நிறைய உழைத்தார்.

போட்டிக்கு முதல்நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். புது வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பத்திரிகைப் படக்காரன் வருகிறானாம்.

"கையாள் வேலைக்கு எப்பவும் ரெண்டு தோலு தருவீங்க" என்றாள் ஐடெல்லா.

"துடைக்கிறதுக்கும் அடுக்குறதுக்கும் ரெண்டு தோலா? நல்லாருக்கே கதை. ஒண்ணு தர்றேன். துடைக்கிறதுக்கு எவ்வளவோ அவ்வளவு."

"துடைக்கிறதுக்கு மட்டுமா கேப்டன்?"

"வேற என்ன செய்ற நீ?"

அவள் கத்தியைத் தீட்டுக்கல்லில் வைத்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாள். "ஒண்ணுமில்ல. துடைக்கிறேன், அடுக்குறேன்."

"அப்புறம் ஒண்ணு. வருஷா வருஷம் சொல்றேன், நீ காதுலயே வாங்குறதில்ல. சுண்டெலி மாதிரிப் பொறுக்கிட்டு வந்து வைக்காத. படத்துல நல்லாத் தெரியணும். பெருசாப் பாத்து எடு."

"பெருசா?"

"இருக்கறதிலேயே பெருசா."

ஐடெல்லா தலையை ஆட்டினாள். அந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாக அவள் அவரிடம், "நீங்க சொல்றபடியே செய்றேன் கேப்டன்" என்று சொன்னாள். கேப்டனுக்குக் கொஞ்சம் மனம் நெகிழ்ந்துகூடப் போனது. அதட்டினால்தான் ஜனங்களுக்கு உறைக்கும் என்று நாயிடம் சொல்லிக்கொண்டு போனார்.

பிப்ரவரிக் கடைசியில் இருப்பதிலேயே பெரிய எலி என்றால் கிழட்டு ஆண் எலி. குளிர் முறியும் சமயத்தில் அவை பெண்ணுக்காகச் சண்டை போடும். முதுகெல்லாம் கடி. கடிபட்டு ஆறிய இடத்திலெல்லாம் தோல் சதையோடு ஒட்டிப் பிசினாகிவிடும். வயிற்றடியில் கஸ்தூரிப் பைகள் அவரைக்காய் விதை மாதிரி வீங்கி, தொட்டால் பொத்துக்கொள்ளும் பருவம். பொறி வைக்கிறவன் இதை மறக்கலாம். உரிக்கிறவள் மறக்க முடியாது.

போட்டியன்று ஐடெல்லா குவியலிலிருந்து சிரத்தையாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தாள். காது கிழிந்தவன், மூக்கில் வடு உள்ளவன், வாலில் பாதி போனவன் என்று சதுப்பின் பழைய ரௌடிகள் அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்தாள். துடைத்தாள். நன்றாகவே துடைத்தாள், ரோமம் பளபளத்தது. முழங்கை வைக்கவில்லை. வரிசையாக அடுக்கினாள்.

பக்கத்து மேசையில் க்ளீவுக்கு அடுக்கிக்கொண்டிருந்த நெட்டி அந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு ஐடெல்லாவைப் பார்த்தாள். பிறகு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, இருமுகிறவள் மாதிரி திரும்பிக்கொண்டாள்.

கேப்டன் வந்தார். வெள்ளைச் சட்டை, கருப்பு டை, சட்டைப் பையில் கைக்குட்டை. "ஆஹா" என்றார் எலிகளைப் பார்த்து. "இது வரிசை! கடைசியில என் வார்த்தையக் கேட்டியே." படக்காரனைக் கூப்பிட்டு, ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வெளிச்சம் பளிச்சிட்டது. வெள்ளைக் கையுறைக்காரர் முன்வரிசையில் தலையாட்டினார்.

விசில் ஊதியது.

முதல் எலியில் கேப்டன் கீறலைப் போட்டுக் கட்டைவிரலை விட்டு இழுத்தார். வரவில்லை. சிரித்தபடி இன்னொரு தடவை இழுத்தார். எலி அவரை இழுத்தது. கூட்டத்தில் யாரோ, "கேப்டன், அதுக்கு உயிர் இருக்குதா பாருங்க!" என்று கத்தினான். மேசையில் முழங்காலை வைத்துத் தம் பிடித்து இழுத்ததில் தோல் பாதி வந்தது, சதையும் கொஞ்சம் கூடவே வந்தது. க்ளீவ் அதற்குள் இரண்டாவதைத் தட்டில் போட்டிருந்தான், தொப்பியோடு.

"இழுப்பைக் காட்டுங்க கேப்டன்! ட்ரேவர்ஸ் இழுப்பு!"

"பலகையக் கொண்டாங்கப்பா, அவருக்கே மறந்துருச்சு!"

கேப்டனின் கழுத்து சிவந்தது. திரும்பி ஐடெல்லாவைப் பார்த்தார். அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையோரம் அடக்கமாக நின்றாள்.

"என்னடி இது?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெருசு கேப்டன்."

மூக்கில் வடு உள்ளவனை எடுத்தார். அவசரம். கத்தி வழுக்கி வயிற்றடிக்குப் போனது. அவர் இழுத்த இழுப்பில் இரண்டு பைகளும் ஒருசேரப் பொத்துக்கொண்டன. வெள்ளைச் சட்டையின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு டைக்கு இணையாக இறங்கியது. மூன்று நிமிஷத்தில் வாடை முன்வரிசையைத் தாண்டியது. கஸ்தூரி என்றால் அரசர்கள் பூசிக்கொள்வது என்பார்கள். அவர்கள் எலியிடம் நேரடியாக வாங்கியிருக்க மாட்டார்கள். பால்டிமோர்க்காரர் முதலில் கையுறையை மூக்கில் வைத்தார். பிறகு கையுறையோடு மூக்கையும் எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். படக்காரன் மட்டும் நகரவில்லை. அவன் தொழிலை அறிந்தவன்.

க்ளீவ் ஜெயித்தான். மேடையில் பேசச் சொன்னார்கள். "நன்றி. பசிக்குது" என்றான். காருக்குள் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த சதுப்புச் சொந்தக்காரர் அதைக் கேள்விப்பட்டு, இந்த ஆளுக்குக் கணக்குப் பேசவே தெரியாது போலிருக்கிறதே என்று திகைத்து, குத்தகை பழையபடி துண்டு துண்டாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூடத்துக்குப் பின்னால், பம்படியில் சட்டையைக் கழற்றி நனைத்துக்கொண்டிருந்த கேப்டன், ஐடெல்லா வருவதைக் கண்டு கத்தினார்: "நீ வேணும்னே செஞ்ச!"

"என்ன செஞ்சேன்?"

"எப்பவும் செய்றதச் செய்யல நீ!"

"எப்பவும் என்ன செய்வேன்?" அவள் குரலை உயர்த்தவில்லை. கதவோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "சொல்லுங்க கேப்டன். சத்தமாச் சொல்லுங்க. நாலு வருஷமா நான் என்ன செஞ்சதால நீங்க ஜெயிச்சீங்க?"

கேப்டன் கதவோரம் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, சட்டையை மறுபடி அலசத் தொடங்கினார். பம்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"துடைச்சேன், அடுக்கினேன்" என்றாள் ஐடெல்லா. "ஒரு தோலு தரணும்."

மறுநாள் தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. சதுப்பில் ஐஸ் உருகிச் சொட்டியது. கூரையெல்லாம் ஆவி. இப்படிப்பட்ட வெதுவெதுப்பில் எலிகளைக் கோணியில் வைத்தால் மறுநாள் ரோமம் பிடி பிடியாகக் கையோடு வந்துவிடும். கேப்டன் படகு நிறைய எலிகளோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார். வாசனை அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது.

"ஐடெல்லா."

உள்ளே தீட்டுக்கல் சத்தம்.

"நெட்டிகிட்ட கேட்டேன், கை வலிக்குதுங்கிறா. கடைக்காரியக் கேட்டா கண்ணு தெரியலங்கிறா. இந்த ஊருல ஒரே நாள்ல இத்தனை பேருக்கு வியாதியா?"

"தெக்கத்திக் காத்து" என்றது உள்ளிருந்து குரல். "உடம்புக்கு ஆகாது. நீங்கதான் இருக்கீங்களே, இழுத்துப் போடுங்க. பலகையப் பாத்தா வரும்."

கேப்டன் வானத்தைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார். ஒரு ஈ வந்து கோணியில் உட்கார்ந்தது, அந்த வருஷத்தின் முதல் ஈ.

"சதைய நீயே வச்சுக்க" என்றார்.

கதவு ஒரு சாண் திறந்தது. "அது என்னுதுதான் ஹார்லன். அத நீ எனக்குத் தர முடியாது."

ஹார்லன். அவர் பிறந்து வளர்ந்த ஊரில், அவர் அம்மா செத்த பிறகு யாரும் நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாய்கூடத் திரும்பிப் பார்த்தது.

"வேற என்ன வேணும்?"

"பீப்பாயில போனதுக்கு ஈடு வேணும். சீசன் முடியிற வரைக்கும் நான் தோலு உரிக்கிறேன். சதைய நீ சுத்தம் பண்ணு, பைய எடு, கழுவு. கடை வழியா, சாலை வழியா நடந்து கொண்டாந்து என் சமையக்கட்டு வாசல்ல குடு. பின்பக்கமா வரக் கூடாது."

"கடை வழியாவா?"

"அடுப்போரம் நிக்கிறவங்க கேப்பாங்க. யாருக்கு யாரு சோறு போடுறான்னு சொல்லு."

ஈ எழுந்து இன்னொரு ஈயைக் கூட்டிக்கொண்டு வந்தது. கேப்டன் தலையை ஆட்டினார்.

"அப்புறம் அந்தப் பலகை" என்றாள் ஐடெல்லா. "அதையும் கொண்டா. கொட்டகையில வடக்குப் பக்கம் ஒரு ஓட்டை, காத்து ஊதுது."

அதன்பிறகு தினமும் காலையில் ஹார்லன் ட்ரேவர்ஸ் மூடிய வாளியோடு சாலையில் நடந்தார். கடை வாசலில் நின்றவர்கள் தொப்பியைத் தொட்டு, "என்ன கேப்டன், வெள்ளித் தட்டு கிடைக்கலையா?" என்று விசாரித்தார்கள். சமையற்கட்டு வாசலில் ஐடெல்லா ஒவ்வொன்றாய் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். "இதுல இடது பக்கம் ஒரு பை விட்டுட்ட" என்பாள். அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து எடுப்பார். பலகை கொட்டகையின் வடக்குச் சுவரில் ஏறியது, எழுத்து உள்பக்கமாக.

"வெளிய பாத்து அடிச்சிருக்கலாமே. போறவன் வர்றவன் படிச்சுச் சிரிப்பான்" என்றான் எல்வுட்.

"உரிக்கும்போது எனக்குச் சிரிக்க என்ன இருக்கு பின்ன?"

சட்டியில் வெங்காயம் வதங்கியது. எல்வுட் ஜன்னல் வழியே பார்த்தான். மழைத் தூறலில் வாளியை ஆட்டிக்கொண்டு ஹார்லன் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். நாய் பத்தடி தள்ளி, இவரைத் தெரியாத மாதிரி நடந்தது.

"பாவமா இருக்கு ஐடெல்லா. இன்னும் மூணு வாரம் இருக்கு சீசன் முடிய. போதும்னு சொல்லிரக் கூடாதா?"

ஐடெல்லா கரண்டியில் கொஞ்சம் குழம்பெடுத்து ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றாள்.